அப்பாவுக்கு 73 வயது, இன்னும் கார் ஓடுகிறார். சாவியை வாங்குவதா, விடுவதா?

விசுவமடு மகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு விசுவமடுவில். நான் வேலைக்காக வவுனியாவில் தங்கியிருக்கிறேன், சனி ஞாயிறில்தான் வீடு. அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய மாருதி 800 ஒன்று வைத்திருக்கிறார். அம்மாவுக்கு மாதத்தில் ஒரு நாள் கிளிநொச்சியில் கிளினிக். அவவுக்கு முழங்கால் வருத்தம், பஸ் படி ஏற மாட்டா. அதனால் அப்பாதான் ஏ35 றோட்டால் பரந்தனுக்குப் போய், அங்கிருந்து ஏ9 ஆல் கூட்டிக்கொண்டு போய் வருகிறார்.

கொஞ்ச நாளாக எனக்குப் பயமாக இருக்கிறது. காரின் இடப்பக்கக் கதவில் நீளமாக ஒரு கீறல். கேற் தூணில் உரசியது பார்த்தாலே தெரிகிறது. "அது முந்தியே இருந்தது" என்கிறார். போன மாதம் கிளினிக்கில் சுணங்கி மைமல் பொழுதில் திரும்பி வரும்போது, முரசுமோட்டையடியில் லைட் இல்லாமல் நின்ற ட்ரக்டர் பெட்டியைக் கடைசி நேரத்தில்தான் கண்டு பிரேக் அடித்திருக்கிறார். இதை அம்மா எனக்கு ரகசியமாகச் சொன்னா. அப்பாவைக் கேட்டால் "பெட்டிக்காரனில்தான் பிழை" என்கிறார். அதுவும் உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு ஆள் மாறிவிட்டார். திரும்பி வரும்போது பரந்தன் சந்தியில் வலப்பக்கம் திரும்ப நிற்கிற நேரம் கை நடுங்குகிறதாம். பின்னால் ஹோர்ன் அடித்தால் பதறிப்போகிறாராம்.

இடம்பெயர்ந்த காலத்தில் எங்களையும் அயல் சனத்தையும் ட்ரக்டரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக ஓடியவர் அவர். அவரிடம் போய் "அப்பா, இனி ஓட வேண்டாம்" என்று எந்த வாயால் சொல்வது?

லண்டனில் இருக்கும் அண்ணா, மாருதியை விற்றுவிட்டு ஒட்டோமெற்றிக் வாகன்ஆர் ஒன்று எடுக்கலாம், காசு அனுப்புகிறேன் என்கிறார். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலும் வருகிறது. வழக்கம்போல இரவில் ஓடிப் போவதாக அப்பா இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டார். சீனி வருத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். லைசன்ஸ் 69 வயதில் புதுப்பித்தது, எட்டு வருடத்துக்கு இருக்கிறது. யாராவது இப்படி அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.


கிளிப் பொடியன் எழுதியது:

சாவியை எடுத்து ஒளித்து வையுங்கள் அக்கா. மாதத்தில் ஒரு நாள் கிளினிக்குக்கு ஓட்டோ பிடித்தால் கதை முடிந்தது. வயது போனால் ஓடக்கூடாது, அவ்வளவுதான்.


மாங்குளம் பழைய சாரதி எழுதியது:

பிள்ளை, எனக்கும் எழுபது தாண்டிவிட்டது. இ.போ.ச. பஸ், பிறகு லொறி, கடைசியில் ஆள் ஏற்றுகிற வான் என்று இந்த ஏ9 இல் தேய்ந்தவன். இன்றைக்கும் வீட்டு வானை நான்தான் ஓடுகிறேன். அதனால் மேலே தம்பி எழுதியதை வாசிக்கக் கொஞ்சம் சூடு ஏறியது. பரவாயில்லை, தம்பிக்கும் ஒரு நாள் எழுபது வரும். சாவியைப் பறித்தால் அப்பா சாய்மனைக் கதிரையில் சும்மா இருப்பாரா? அயலில் யாருடையவாவது மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு வெளிக்கிடுவார். அந்த வயதில் அது காரைவிடப் பொல்லாதது.

வேகத்தாலும் வெறியாலும் அடிபடுகிறது பெடியள். வயதானவர்கள் அடிபடுகிற இடங்கள் வேறு. சந்தியில், வலப்பக்கம் வெட்டித் திரும்பும்போது, இருட்டில், பக்கத்தால் வருவதைக் காணாமல். நீங்கள் எழுதியதில் இவ்வளவும் இருக்கிறது. அப்படியென்றால் அப்பா ஓடலாமா கூடாதா என்று மொத்தமாகக் கேட்டுப் பிரயோசனம் இல்லை. எந்த நேரம், எந்த றோட்டு, எந்தத் திருப்பம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அவருக்கும் அப்படிச் சொன்னால்தான் ஏறும்.

முதலில் பக்கத்தில் ஏறி இருங்கள். சந்தைக்குப் போகிற சாட்டில் முன் சீட்டில் இருந்து ஒரு பயணம் போங்கள். போன் வேண்டாம், "பார்த்து, பார்த்து" என்ற சொல்லும் வேண்டாம். என்ன பார்க்க வேண்டும் என்றால், கார் றோட்டின் நடுக்கோட்டுக்கு ஒருக்கால், கரைக்கு ஒருக்கால் என்று அலைகிறதா? முன்னால் போகிறவன் பிரேக் பிடித்தால் இவருக்கு உடனே தெரிகிறதா? ஒழுங்கையால் வருகிற சைக்கிளை அவர் முதலில் காண்கிறாரா, நீங்கள் முதலில் காண்கிறீர்களா? கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறாரா, கண்ணை மட்டும் ஓட்டுகிறாரா? பழகின றோட்டில் இந்தக் கேள்விகளுக்கு விடை பரந்தன் போய்ச் சேர முதலே கிடைத்துவிடும்.

அடுத்தது கார். இடப்பக்கக் கதவு கீறுப்பட்டது என்கிறீர்கள். அந்த மாருதியில் இடப்பக்கக் கண்ணாடி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மாருதிகள் பலதில் வலப்பக்கத்துக்கு மட்டும்தான் கண்ணாடி. இளமையில் கழுத்து திரும்பும், சமாளிக்கலாம். எழுபதில் கழுத்து திரும்பாது, தூண் உரசத்தான் செய்யும். வாகனப் பாகங்கள் விற்கிற எந்தக் கடையிலும் ஒன்று வாங்கிப் பூட்டலாம்.

சீட்டையும் பாருங்கள். எங்கள் அயலில் ஓய்வு பெற்ற அதிபர் ஒருவர், அவருக்கும் மாருதிதான். "றோட்டுத் தெரியுதில்லை, கண் போச்சுது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரு நாள் அவரை சீட்டில் ஏற்றி வைத்துவிட்டு நான் வெளியில் நின்று பார்த்தேன். பஞ்சு அமிழ்ந்து மனிசன் பள்ளத்துக்குள் இருக்கிறார். கண்ணும் ஸ்டியரிங் வளையத்தின் மேல் விளிம்பும் ஒரே மட்டம். வளையத்துக்குள்ளால்தான் றோட்டைப் பார்த்துக்கொண்டு ஓடியிருக்கிறார், பாவம். அமிழாத இறுக்கமான பஞ்சில் ஒரு மெத்தை வெட்டிப் போட்டோம். முகம் மேலே வந்தது. ஆனால் மெத்தை உயர்த்தியதில் கால் எட்டவில்லை, அதனால் சீட்டை முன்னுக்கு இழுக்க வேண்டி வந்தது. இழுத்தால் நெஞ்சு ஸ்டியரிங்கில் முட்டுகிற மாதிரி. முதுகுச் சாய்வை நிமிர்த்தி நிமிர்த்தி, நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட, 25 சென்ரிமீற்றர் அளவில், வரப்பண்ணினோம். கிளச்சை அடிமட்டும் மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடிந்தே இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கண்ணாடிகளைத் திருப்பினோம். சீட்டை மாற்றினால் கண்ணாடியும் மாற வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுவார்கள். கடைசியாகக் காலைப் பார்த்தேன், தேய்ந்த பாட்டாச் செருப்பு. அது கழன்று பிரேக்குக்கு அடியில் போனால் எந்தக் கண்ணாடியும் காப்பாற்றாது. பின்பட்டி உள்ள செருப்புப் போடச் சொன்னேன். கண் போச்சுது என்ற கதை அதோடு நின்றுவிட்டது.

பரந்தன் சந்திக்கு வருவோம். போகும்போது இடப்பக்கம் திரும்புவது, அது சுகம். வரும்போது யாழ்ப்பாணப் பக்கமிருந்து வருகிற பஸ்களை வெட்டி வலப்பக்கம் திரும்ப வேண்டும். எதிரே வருகிற வாகனத்தின் வேகத்தைக் கணிப்பது வயது போகப் போகக் கஷ்டம். எவ்வளவு அனுபவம் உள்ளவர்களுக்கும் அப்படித்தான், கூச்சப்பட ஒன்றுமில்லை. தூரத்திலேயே சிக்னலைப் போட்டு, வேகத்தை மெல்ல மெல்லக் குறைத்து, நடுக்கோட்டருகில் போய் நிற்கச் சொல்லுங்கள். நிற்கும்போது சில்லு நேராக இருக்க வேண்டும். இதைத் திரும்பவும் சொல்கிறேன். வலப்பக்கம் வெட்டி வைத்துக்கொண்டு நின்றால், பின்னால் ஒருவன் இடித்த உடனே கார் எதிரே வருகிற பஸ்ஸுக்கு முன்னால் போய் விழும். நேராக வைத்திருந்தால் முன்னுக்குத்தான் தள்ளுப்படும். ஹோர்ன் அடிக்கிறவன் அடிக்கட்டும், அவனுக்கு வேறு வேலை இல்லை. எதிர்ப்பக்கம் வெறுமையாகும்வரை நிற்கலாம். அவசரப்படுத்துகிறவன் ஆஸ்பத்திரிச் செலவு தரப்போவதில்லை.

வெயில் பற்றி ஒன்று. காலையில் விசுவமடுவில் இருந்து மேற்கே போகிறார், சூரியன் முதுகுக்குப் பின்னால். பின்னேரம் கிழக்கே திரும்புகிறார், அப்போதும் சூரியன் பின்னால். அவருக்கு நல்லம். ஆனால் எதிரே வருகிற எல்லோருக்கும் சூரியன் முகத்தில். அவர்களுக்கு இவரைத் தெரியாது. அதனால் பகலிலும் லைட்டைப் போட்டு ஓடச் சொல்லுங்கள். முன் கண்ணாடியின் உட்பக்கத்தையும் துடையுங்கள். கிரவல் தூசும் வியர்வை ஆவியும் படிந்து ஒரு படலம் இருக்கும், எதிர் லைட் பட்டால் முழுக் கண்ணாடியும் வெள்ளையாகிவிடும்.

இரவு ஓட்டத்தை நான் விட்டுவிட்டேன். யாரும் சொல்லி விடவில்லை, எங்கள் றோட்டுகள் அப்படி. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானை. ஏ35 இல் தாரின் சூட்டுக்கு வந்து படுக்கிற மாடுகள். காலபோக அறுவடைக் காலத்தில் றோட்டின் பாதியில் நெல் காயும், அதைச் சுற்றிக் கல்லும் மரக்கட்டையும் வைத்திருப்பார்கள். 60 இல் போகிற கார் ஒரு செக்கனுக்கு 17 மீற்றர் போகிறது. மாட்டைக் கண்டு, மாடு என்று விளங்கி, கால் பிரேக்குக்குப் போக எங்களுக்குப் பெடியளை விட நேரம் எடுக்கும். பழைய மாருதியின் லைட்டுக்குள் இருக்கிற வெள்ளிப் பூச்சும் மங்கியிருக்கும். தவிர்க்க முடியாமல் இருட்டிவிட்டால் 40 ஐத் தாண்ட வேண்டாம். எதிர் லைட் குத்தும்போது அதைப் பார்க்காமல் றோட்டின் இடப்பக்கக் கரையைப் பார்த்துப் போக வேண்டும்.

ஒட்டோமெற்றிக் விஷயத்தில் அண்ணாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். 2020 இல் நிற்பாட்டிய வாகன இறக்குமதி 2025 இல் திறந்தும் விலை இறங்கினபாடில்லை, அது வேறு கதை. என் பயம் காலில். வாழ்நாள் முழுக்க இடக்கால் கிளச்சை மிதித்தவர். திடீரென்று கிளச் இல்லாத காரில் ஏறினால், பதறுகிற நேரத்தில் இடக்கால் கிளச் என்று நினைத்துப் பிரேக்கை மிதிக்கும், அல்லது வலக்கால் பிரேக் என்று நினைத்து அக்சிலேற்றரை மிதிக்கும். மூட்டு வருத்தத்தால் கிளச் மிதிக்க முடியவில்லை என்றால் ஒட்டோமெற்றிக் பெரிய உதவிதான். அப்போதும் வெறும் மைதானத்தில், கார் ஓடப் பழக்குகிற லேர்னர்ஸ் மாஸ்டர் ஒருவரைப் பக்கத்தில் வைத்து, சில கிழமை பழகிய பிறகே றோட்டுக்கு வர வேண்டும்.

பொங்கலுக்குப் போகட்டும், மறிக்காதீர்கள். வெயில் சாய முதல் வெளிக்கிட்டால் வெளிச்சத்தில் போய்ச் சேரலாம். உண்மையான ஆபத்து போகிற பயணத்தில் இல்லை, வருகிற பயணத்தில். இரவு முழுக்கக் கண் முழித்துவிட்டு, விடியற்காலையில் "வெளிச்சம் வந்துட்டுது, போவம்" என்று எடுப்பார்கள் பாருங்கள், அந்த நேரம்தான் நித்திரை தூக்கும். கோவிலுக்குக் கிட்ட முள்ளியவளையில் சொந்தக்காரர் இருந்தால் அங்கே படுத்து எழும்பி, சாப்பிட்டு, பத்து மணிக்குப் பிறகு வெளிக்கிடச் சொல்லுங்கள்.

எப்போது நிற்பாட்ட வேண்டும் என்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஒரு பக்கக் கதை சொன்னதாகிவிடும். பழகின றோட்டில் வழி மாறிப் போனால், பிரேக்கும் அக்சிலேற்றரும் மாறினால், பகலில் ஸ்டியரிங்கோடு கண் அயர்ந்தால், தலை சுற்றி விழுந்தால், அன்றோடு சரி. அதையும் நீங்கள் சொல்லாதீர்கள். டொக்டர் சொல்லட்டும், அல்லது அவருடைய சிநேகிதர் ஒருவர் சொல்லட்டும். மகள் சொன்னால் அது கட்டளை மாதிரிக் கேட்கும். போனில் அம்புலன்ஸ் இலக்கம் 1990 ஐயும் பதிந்து கொடுங்கள்.


தாதி அக்கா எழுதியது:

ஐயா எழுதியதில் காரைப் பற்றி நான் சேர்க்க ஒன்றுமில்லை. நான் வேலை செய்வது கிளினிக்கில், அதனால் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன்.

தங்கச்சி, அப்பா எடுக்கிற சீனி மாத்திரையின் பெயரைப் பாருங்கள். மெற்போமின் மட்டும் என்றால் சீனி திடீரென்று இறங்குவது அரிது. கிளிக்லசைட் அல்லது இன்சுலின் என்றால் கவனம் வேண்டும். எங்கள் சனம் செய்கிற வேலை என்ன தெரியுமா? இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், வெறும் வயிற்றில் மாத்திரையையும் போட்டுக்கொண்டு, காரையும் ஓடிக்கொண்டு வருவார்கள். வரிசையில் நிற்கும்போதே வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கேட்டதற்கு மாறிப் பதில் சொல்வார்கள். இது றோட்டில் நடந்தால் பக்கத்தில் இருக்கிறவருக்கு "மனிசன் ஏன் இப்படி ஓடுகிறார்" என்றுதான் தெரியும். பரந்தனில் கை நடுங்கியது பயத்தாலா, சீனி இறங்கியதாலா என்று எனக்கு ஒரு சந்தேகம். அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டாரா என்று அம்மாவிடம் கேளுங்கள்.

வெறும் வயிற்றுப் பரிசோதனை உள்ள நாளில் காலை மாத்திரையை எப்போது போடுவது என்று கிளினிக் டொக்டரிடமே கேட்டு வையுங்கள். சாப்பாட்டுப் பார்சலைக் கொண்டுபோய், இரத்தம் கொடுத்த உடனே சாப்பிட வேண்டும். வீட்டில் சீனி பார்க்கிற மெசின் இருந்தால் ஓட முதல் பாருங்கள். 90 க்குக் கீழே என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு எடுக்கலாம். 70 அளவில் இருந்தால் சாவியைத் தொடவே கூடாது. குளுக்கோசோ இனிப்புத் தேத்தண்ணியோ குடித்து, சீனி வழமைக்கு வந்த பிறகும் முக்கால் மணித்தியாலம் பொறுக்க வேண்டும், மூளை தெளிய அவ்வளவு நேரம் எடுக்கும். காருக்குள் ஒரு பக்கெற் குளுக்கோஸ் பிஸ்கட்டும் ரொபியும் எப்போதும் இருக்கட்டும்.

தடிமன் என்றால் எல்லா வீட்டிலும் பிரிற்றன் மாத்திரை இருக்கும். அதைப் போட்டுவிட்டு ஓடக்கூடாது, நித்திரை வராத மாதிரி இருந்தாலும் கை கால் மெதுவாகிவிடும். நித்திரை மாத்திரை, சில நோ மாத்திரைகளும் அப்படித்தான். ஆனால் டொக்டர் எழுதிய மருந்தை ஓடுவதற்காகத் தாங்களாக நிற்பாட்ட வேண்டாம்.

கண்ணுக்கு வருவோம். 60 வயதுக் கண்ணுக்குள் போகிற வெளிச்சம் 20 வயதுக் கண்ணுக்குள் போவதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான். கண்மணி சுருங்கிவிடும், வில்லை மஞ்சளாகிவிடும். நோய் இல்லாத கண்ணுக்கே இது. அதனால்தான் அந்த ட்ரக்டர் பெட்டி அப்பாவுக்குப் பிந்தித் தெரிந்தது. வெண்புரையும் இருந்தால் எதிர் லைட்டைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும், பூப்பூவாக விரியும். அப்பாவிடம் அதைக் கேளுங்கள், "கண் தெரியுதா" என்று கேட்காதீர்கள், எல்லோரும் தெரியும் என்றுதான் சொல்வார்கள். வெண்புரையைச் சத்திரசிகிச்சை செய்து எடுக்கலாம், அரச ஆஸ்பத்திரியிலேயே செய்கிறார்கள், பலருக்கு இரவுப் பார்வை நன்றாகத் திரும்புகிறது. குளுக்கோமா வேறு மாதிரி. நோ இல்லாமல் பக்கப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், போனது திரும்பி வராது, சோதித்தால்தான் தெரியும். சீனி வருத்தக்காரர் எப்படியும் வருடத்தில் ஒருமுறை கண்ணின் பின்திரையைச் சோதிக்க வேண்டும். லைசன்ஸ் எட்டு வருடத்துக்கு இருக்கிறது என்று கண்ணும் எட்டு வருடம் பொறுக்காது.

கண் கிளினிக் போகிற அன்று மட்டும் அப்பா ஓடவே கூடாது. கண்மணியை விரிக்கிற துளி மருந்து விட்டால் சில மணித்தியாலத்துக்கு வெளிச்சம் கூசும், கிட்டத்தில் உள்ளது மங்கும். அன்றைக்கு ஓட்டோ பிடியுங்கள். வெளிநாட்டில் இருந்து வருகிற அந்த மஞ்சள் கண்ணாடியையும் இரவில் போட விடாதீர்கள். உள்ள வெளிச்சத்தையும் அது குறைக்கும்.


ஸ்காபரோ சின்னையா எழுதியது:

நான் புதுக்குடியிருப்பு ஆள், இப்போது கனடாவில். இங்கே ஒன்ராறியோவில் 80 வயது வந்தால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லைசன்ஸ் புதுப்பிக்கக் கூப்பிடுவார்கள். கண் சோதனை, பிறகு ஒரு சிறிய கூட்டம், அங்கே றோட்டுச் சட்டங்களையும் வயதோடு வருகிற மாற்றங்களையும் பேசுவார்கள். பிறகு ஒரு தாளில் மணிக்கூடு வரைந்து, சொல்கிற நேரத்துக்கு முள் போட வேண்டும். எழுத்துக் கூட்டத்துக்குள் குறிப்பிட்ட ஒரு எழுத்தைத் தேடித் தேடி வெட்ட வேண்டும். என் மாமனார் "நான் என்ன நேர்சரிப் பிள்ளையா" என்று கொதித்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது முகம் மலர்ந்திருந்தது. பாஸ் பண்ணிவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அவருடைய ஓட்டத்தைப் பற்றி வாய் திறக்க முடியாது.

நான் சொல்ல வருவது என்னவென்றால், சோதனை என்பது ஓட்டத்தை நிற்பாட்ட மட்டும் இல்லை. ஓடலாம் என்று வெளியாள் ஒருவர் சொன்னால் அந்த வயதில் அது பெரிய தென்பு. நம் ஊரில் அப்படி அடிக்கடி கூப்பிட ஆள் இல்லை. லைசன்ஸ் புதுப்பிக்கிற நேரத்தில் போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் மெடிக்கல் எடுப்பதோடு சரி. ஆகவே லேர்னர்ஸ் மாஸ்டர் ஒருவரிடம் காசு கொடுத்து, ஒரு மணித்தியாலம் அப்பாவோடு ஓடிப் பார்க்கச் சொல்லலாம். முக்கியமாக பரந்தன் சந்தியைச் சுற்றி.


விசுவமடு மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி பக்கத்தில் இருந்து போனேன். வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் கஷ்டம். பகலில் அப்பா நல்ல நிதானமாகத்தான் ஓடுகிறார், என்னைவிடத் தூரம் பார்க்கிறார். ஆனால் இடப்பக்க ஒழுங்கைகளால் வருகிறவர்களை நான்தான் முதலில் கண்டேன். இடப்பக்கக் கண்ணாடி உண்மையிலேயே இல்லை! இத்தனை வருடம் அந்தக் காரில் ஏறி இறங்கியும் நான் அதைக் கவனித்ததில்லை.

அக்கா, நீங்கள் சந்தேகப்பட்டது சரி போல. அன்றைக்கு அம்மாவின் வரிசை நீண்டதில் அப்பா மத்தியானம் ஒரு வடையும் பிளேன்ரீயும்தானாம். மாத்திரை கிளிக்லசைட். அடுத்த கிளினிக்குக்குச் சோற்றுப் பார்சல் கட்டுவது என் பொறுப்பு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன், நான் வவுனியாவில் இருந்து எப்படிக் கட்டுவது என்று அவ சிரிக்கிறா.

லண்டன் அண்ணா இதை வாசித்துவிட்டு இன்னொன்று சொன்னார். அங்கே 20 மீற்றர் தூரத்தில் நிற்கிற வாகனத்தின் நம்பர் பிளேற்றை வாசிக்க முடிய வேண்டுமாம். 70 க்குப் பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை லைசன்ஸ் புதுப்பிக்கவும் வேண்டுமாம். நாங்கள் காரை கேற்றடியில் விட்டு, நாடாவால் அளந்து, அப்பாவைக் கிணற்றடியில் நிற்கவைத்துப் பார்த்தோம். கண்ணாடி போட்டு ஒரு பிழையும் இல்லாமல் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றச் சொன்னால் 3 ஐ 8 என்கிறார். அவர் கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடுகிற ஆள், வாசிக்க மட்டும்தான் போடுவார். இனி ஓடும்போதும் போடுகிறேன் என்று ஒத்துக்கொண்டார். எதிர் லைட் பூவாக விரிகிறதா என்று கேட்டேன், "எல்லாருக்கும் அப்பிடித்தானே" என்றார். கண் கிளினிக்குக்குத் திகதி எடுத்திருக்கிறோம்.

லேர்னர்ஸ் மாஸ்டர் யோசனையைச் சொன்னதும் முகம் கறுத்தது. தான் பழக்கிவிட்ட பெடியன்தான் இப்போது மாஸ்டராக இருக்கிறானாம், அவனுக்கு முன்னால் போய் எப்படி இருப்பது என்கிறார். வேறு ஊரில் ஒருவரைத் தேடுகிறேன். பொங்கல் கதை இன்னும் முடியவில்லை. மத்தியானமே போவதற்குச் சம்மதம், முள்ளியவளையில் படுப்பதற்குச் சம்மதம் இல்லை.


மாங்குளம் பழைய சாரதி எழுதியது:

மெத்தையை மறந்துவிடாதீர்கள் பிள்ளை. முள்ளியவளை விஷயத்தை அம்மாவிடம் விடுங்கள். அவவுக்கு முழங்கால் நோகிறது, படுத்துத்தான் வரவேண்டும் என்று அவ சொன்னால் அப்பா மறுக்க மாட்டார்.


முறிகண்டி ரவுண்ட் எழுதியது:

ஐயா, இதே திரியில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் அப்பு காரில்லை, பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிள். காது கொஞ்சம் மந்தம். தோட்டத்துக்குப் போக ரயில் பாதையைக் கடக்க வேண்டும், அங்கே கேற்றும் இல்லை, ஆளும் இல்லை.


மாங்குளம் பழைய சாரதி எழுதியது:

தம்பி, அது காரைவிட அவசரமான விஷயம். 2014 இல் யாழ்ப்பாணம் வரை பாதையைத் திருப்பிப் போட்ட பிறகு ரயில் முந்தின மாதிரி ஆடி அசைந்து வருவதில்லை. காது மந்தமானவருக்கு ஹெல்மெற்றும் எஞ்சின் சத்தமும் சேர்ந்தால் ரயில் ஹோர்ன் கேட்காது. கடவைக்கு வர முதல் எஞ்சினை நிற்பாட்டி, இறங்கி, இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பிப் பார்த்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு கடக்கச் சொல்லுங்கள். நடுத் தண்டவாளத்தில் எஞ்சின் நின்றுபோய் உதைத்துக்கொண்டிருக்கிற வேலையும் இல்லாமல் போகும். பாதையோரத்தில் பற்றை வளர்ந்து மறைத்தால் கிராம சேவையாளரிடம் எழுத்தில் கொடுங்கள், அதுவரைக்கும் நீங்களே கத்தியோடு போய் வெட்டிவிடுங்கள். ரயில் வராத நேரம் பார்த்து.